பயன்படுத்துவோரின் கவனக்குறைவு

எங்கள் சர்வீஸ் சென்டரில் ஒரு மெஷினுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. காலண்டர் போதும்.

காலையில் போனதும் முந்தின நாள் வந்த ஜாப் ஷீட்டுகள் என் மேஜையில் இருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வாங்கிய தேதியைப் பார்த்து அவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வாரண்டி இருப்பவை இடது தட்டில், முடிந்தவை வலது தட்டில். இடது தட்டு மெஷின்களைத் திறந்து பார்ப்போம். வலது தட்டுக் காகிதங்களில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவோம். ‘பழுதின் காரணம்: ஈரம் புகுந்தது. பயன்படுத்துவோரின் கவனக்குறைவு.’ அதன் கீழே என் கையெழுத்து. மை காய நேரமாகும் என்பதால் மெஷினைத் திறப்பதற்கு முன்பே குத்திவிடுவது வழக்கம். குத்திய பிறகு எவன் திறந்து பார்க்கப் போகிறான்?

முன்பெல்லாம் இதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். விரல் வலிக்கிறது என்று நான்தான் புலம்பினேன். மறுவாரமே மேனேஜர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு ஆளாளுக்கு ஆசையாகக் குத்திப் பார்த்தோம். ஒருவன் தன் முழங்கையில்கூடக் குத்திக்கொண்டான். கேக் வெட்டாததுதான் குறை.

வாரண்டிதான் முடிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஸ்டாம்ப் என்று உங்களுக்குத் தோன்றலாம். சேர்ந்த புதிதில் எனக்கும் தோன்றியது. மேனேஜரைக் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘தேதி சார்’. யாராவது அழுதுகொண்டே உள்ளே வந்தால்கூட, "எந்தத் தேதியில வாங்கினீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"வாரண்டிங்கறது கம்பெனி தானா கொடுக்கிற வாக்கு தம்பி. அது முடிஞ்சாலும் சட்டம்னு ஒண்ணு மிச்சம் இருக்கு. செய்யும்போதே குறையோட செஞ்ச பொருள்னு காட்டிட்டா, வாரண்டி முடிஞ்சிருந்தாலும் நம்ம தலையிலதான் விடியும். ஆனா ஈரம்னு ஒரு தடவை பேப்பர்ல ஏறிட்டா, அப்புறம் குறை அவங்களோடது. புரியுதா?"

புரிந்தது. புரிந்த பிறகும் ஆறு வருஷம் குத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கம்பெனித் தயாரிப்பில் ஒரு தையல் மெஷின் உண்டு. கம்ப்யூட்டர் வைத்தது, எம்பிராய்டரி போடும். வாரண்டி இரண்டு வருஷம். மூன்றாவது வருஷம் அதன் போர்டில் இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் உப்பிக்கொள்ளும். சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது, அது உப்பினால் மெஷின் படுத்துவிடும். இது சென்டரில் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். ‘வயித்து உப்பல் கேஸ்’ என்று நாங்கள் சிரிப்போம். கம்பெனிக்கும் தெரியும். ‘வாடிக்கையாளர் எழுத்துமூலம் கேட்டால் போர்டை இலவசமாக மாற்றிக் கொடுக்கவும்’ என்று ஒரு கடிதம் வந்து, தேதி சாரின் மேஜை டிராயரில் படுத்துக்கிடந்தது. எழுதிக் கேட்டவர்கள் இத்தனை வருஷத்தில் மூன்றே பேர். அதில் ஒருவர் ரிட்டயர் ஆன தபால்காரர். கடிதத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஸ்டாம்பைப் படித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் ஏன் தலையைக் குனிகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. என் அக்கா போன் செய்கிற வரைக்கும்.

அக்கா வீட்டில் வைத்து எம்பிராய்டரி போடுகிறவள். பள்ளிக்கூடச் சட்டைப் பைகளுக்குச் சின்னம் போட்டுக் கொடுப்பாள். அவள் சம்பாத்தியத்தில்தான் ஒன்றரை வருஷமாக வீடு ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன். அதற்குப் பிறகு வீட்டில் சமையல், துடைப்பம், துணி எல்லாம் அவர் பொறுப்பு. அதையும் பஸ் ஓட்டுகிற மாதிரியே செய்வார், அவசரமே கிடையாது, எல்லாம் நேரத்துக்கு முடியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"டேய், மெஷின் ரிப்பேராகிப் பத்து நாளாச்சுடா. உன்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

"என்னக்கா இது? நான் எதுக்கு இருக்கேன்?"

"வாரண்டி முடிஞ்சிருச்சு. உன்கிட்ட குடுத்தா நீ உங்க சார்கிட்ட போய் நிப்பே, உனக்குத்தான் சங்கடம். அதான் இங்க பக்கத்துல இருக்கிற உங்க கலெக்ஷன் கவுன்டர்லயே குடுத்தேன். நேத்து திரும்பி வந்துச்சு. ஈரம் பட்டிருக்காம். பேப்பர்ல உன் கையெழுத்துதான்டா இருக்கு!"

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"மொதல்ல நான் நம்பல. நான் தண்ணி டம்ளர்கூட அந்த ரூமுக்குள்ள கொண்டுபோக மாட்டேன். உன் கையெழுத்தைப் பாத்ததும்தான், சரி, தம்பி பாத்தா சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்த மனுஷன் தினம் சாயங்காலம் அதைத் துடைச்சிட்டிருந்திருக்காரு. எந்தத் துணியால துடைச்சாரோ! நல்லாக் கேட்டுட்டேன். சும்மா இருக்கிறவர் சும்மாவே இருந்திருக்கலாம்லன்னு கேட்டுட்டேன்."

"மாமா என்ன சொன்னாரு?"

"எழுந்து ஜன்னல்கிட்ட போய் உக்காந்துட்டாரு."

அந்த நொடியிலேயே சொல்லியிருக்கலாம். ‘அக்கா, நான் அதைத் திறந்துகூடப் பாக்கல’ என்று ஒரே வாக்கியம். சுற்றிலும் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மண்ணாங்கட்டி. யாருமே இல்லாத காட்டில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்க்கா" என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கதவைத் திறந்தது அக்கா. எப்போதும் மாமாதான் திறப்பார். திறக்கும்போதே ஏதாவது கிண்டல் இருக்கும். "வாங்க இன்ஜினியர் சார், உங்க அக்காவுக்கும் ஏதாவது வாரண்டி பாக்கி இருக்கா?" என்பது அவருடைய பழைய ஜோக். இருபது தடவை சொல்லியிருப்பார், இருபது தடவையும் அவரே சிரிப்பார். அன்றைக்கு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வா மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

மெஷினை மேஜைமேல் வைத்து, அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. நூல் தூசி மட்டும் கொஞ்சம். போர்டின் ஓரத்தில் அந்தக் கெப்பாசிட்டர், வயிறு உப்பி, தலை பிளந்து. ஒரு நொடிப் பார்வையில் தெரிகிற விஷயம். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "எங்கடா ஈரம் பட்டிருக்கு? காட்டு, பாப்போம்."

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு இப்போதும் காது சுடுகிறது. என்னை யாரும் மிரட்டவில்லை. தேதி சார் அங்கே இல்லை. வேலை போய்விடும் என்றுகூட அந்த நேரத்தில் நினைக்கவில்லை. அக்கா முன்னால் நான் ஒரு கெட்டிக்காரத் தம்பி, அந்தப் பெயர் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். போர்டின் ஒரு மூலையில் ஃபாக்டரியில் பூசிய வார்னிஷ் வழிந்து மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. புதிதாகக் கவர் பிரிக்கிற போர்டிலும் அது அங்கேதான் இருக்கும்.

"இதோ, இங்க" என்று அதை விரலால் காட்டினேன்.

மாமா எழுந்து வந்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தார். பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்க்கிற மனுஷன் அப்படித்தான் பார்ப்பார்.

"ஆமா, தெரியுது" என்றார். "கறை நல்லாவே தெரியுது."

திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மெஷினை என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கெப்பாசிட்டரை மாற்ற இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நல்ல ரகமாகப் பார்த்துப் போட்டேன், இனி பத்து வருஷத்துக்கு உப்பாது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெஷின் ஓடியதும் அக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது. பிராயச்சித்தம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாய் தன் பாட்டுக்கு, "இனிமே ஈரம் படாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டது. கவுன்டரில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இனிமே நான் அந்த ரூமுக்கே போறதில்ல மாப்ளே" என்றார் மாமா. குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அக்கா என்னோடு வாசல்வரை வந்தாள். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு பயமா இருக்குடா. ஒரு பொருளைத் தொட மாட்டேங்கறாரு. அடுப்பை அணைச்சிட்டேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பாக்கறாரு. ஸ்கூல் ஒண்ணுல வேன் ஓட்ட ஆள் கேட்டிருக்காங்க. அவங்களா தேடி வந்து கேட்டாங்கடா. ஒன்றரை வருஷமா இதுக்குத்தானே காத்துட்டிருந்தோம்? இப்ப யோசிக்கணும்ங்கறாரு. ஒரு மெஷினைப் பாத்துக்கத் தெரியாதவன் கையில இருபது குழந்தைங்களைக் குடுக்கலாமான்னு என்னையே கேக்கறாரு. வர்ற திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"சரியாயிடும்க்கா" என்றேன்.

தெருமுனை வரைக்கும் நடந்தேன். காலை எடுத்து வைப்பது தெரியாமல் நடந்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விடாதவரை, உள்ளங்கை அளவு ரப்பர் கட்டையால் நான் கவிழ்த்திருக்கிறேன். அதுவும் அவர் யார் என்று தெரியாமலே, ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி முன்னால், பஸ்ஸில், பாத்ரூமில். ‘மாமா, ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் வேறு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். புதன்கிழமை தேதி சாரிடம் போய், "சார், ஒரு ஷீட்டுல தப்பா ஸ்டாம்ப் விழுந்திருச்சு, திருத்தலாமா?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"போன பேப்பர் போனதுதான்" என்றார். "ஒண்ணைத் திருத்தினா, மத்ததெல்லாம் என்னன்னு கேப்பாங்க. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி நிஜமாகவே வந்தது, அதில் பொய் இல்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வலது தட்டு நிறைந்திருந்தது. ஸ்டாம்பைக் கையில் எடுத்தேன். குத்த முடியவில்லை. என்னவோ நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், மூன்று ஷீட்டுகள் குத்திய பிறகுதான் முடியவில்லை. ஸ்டாம்பை மூடி வைத்துவிட்டு, மீதியிருந்த மெஷின்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தில் நான்கு காய்ந்து கிடந்தன.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மெஷினில் இருந்தாள். மாமா அதே நாற்காலியில் இருந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே போய், மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். ஈரம் இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை, நான் மெஷினைத் திறக்கவே இல்லை, தேதியைப் பார்த்துக் குத்தினேன், அந்த மாடல் எல்லாமே மூன்றாவது வருஷம் இப்படித்தான் போகும், கம்பெனி இனாமாகச் செய்து கொடுத்திருக்க வேண்டும், எங்களுக்கெல்லாம் தெரியும்.

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"அப்போ அன்னிக்கு விரலால எதைடா காட்டினே?"

"வார்னிஷ்க்கா. ஃபாக்டரியில பூசினது."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை விட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பினாள், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நேத்துதான்டா ஸ்கூலுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொன்னாரு" என்றாள். "அவங்க சாயங்காலமே வேற ஆள் போட்டுட்டாங்க."

நேற்று. ஞாயிற்றுக்கிழமை நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேனே, அதற்கு மறுநாள்.

மாமா மட்டும் அசையவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் தயாராக வரவில்லை.

"மாப்ளே, நீ நல்லவன்டா. எனக்காகப் பொய் சொல்றே."

"பொய் இல்ல மாமா! சத்தியமா—"

"நான் என் கண்ணால கறையைப் பாத்தேன். எனக்கே ஞாபகம் இருக்கு. நடுவுல ரெண்டு நாள் விடாம மழை பெய்ஞ்சுதுல்ல? துணி சரியாக் காயல. கையில பிடிக்கும்போதே ஜில்லுனு இருந்துச்சு. இருந்தும் துடைச்சேன். அதான்." அவர் சொல்லிக்கொண்டே போனார். துணியின் நிறத்தைக்கூடச் சொன்னார். நடக்காத ஒன்றை இத்தனை விவரமாக ஒரு மனுஷன் தினமும் உட்கார்ந்து தனக்குத்தானே சேர்த்துவைத்திருக்கிறார். "நீ உங்க அக்கா மேல இருக்கிற பாசத்துல சொல்றே. எனக்குப் புரியுது. பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதுதானே உண்மை?"

"அந்தப் பேப்பர்தான் பொய் மாமா."

"அப்படின்னா அதுலயே எழுதிக் குடேன்."

என்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. பேச்சை முடித்துக்கொள்வதற்காகச் சொன்னார். அக்கா உடனே அலமாரியிலிருந்து ஷீட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள், பேனாவையும் வைத்தாள்.

என் கை போகவில்லை. அந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், அக்கா சும்மா இருக்க மாட்டாள் என்று தெரியும். நுகர்வோர் கோர்ட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போவாள். போகவும் வேண்டும். அப்புறம் தேதி சார் முன்னால் அது வரும். வாடகை, கைக்குழந்தை, எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"பாத்தியா" என்றார் மாமா, மறுபடி சிரித்து, என் தோளைத் தட்டி. "விடு மாப்ளே. காபி குடிச்சிட்டுப் போ."

அவர் தட்டியது தோளில்தான். எனக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். ஸ்டாம்புக்குக் கீழே, என் கையெழுத்துக்குக் கீழே. ‘இந்த மெஷினைத் திறந்து பார்க்காமலே மேலே உள்ள காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். பின்னர் திறந்து பார்த்ததில் ஈரம் எதுவும் இல்லை. போர்டில் உள்ள பாகம் தயாரிப்பிலேயே குறையுள்ளது. பயன்படுத்தியவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.’ பெயர், வேலை எண், தேதி, கையெழுத்து. கையெழுத்து இந்தத் தடவை கோணலாக விழுந்தது.

மாமா காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. மறுபடி அந்த வரியைப் படித்தார்.

"அப்போ நான் இல்லையா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் "இல்ல மாமா" என்றேன்.

அவர் இனி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றரை வருஷம் காத்திருந்து தேடி வந்த வேலை போயிருக்கிறது. பொண்டாட்டியிடம் கேட்கக் கூடாத பேச்சுக் கேட்டிருக்கிறார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவர் காகிதத்தை நாலாக மடித்து, பிரித்து, இன்னொரு தடவை அந்த ஸ்டாம்பையே பார்த்தார். எழுத்துகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"மாப்ளே, இது மாதிரி எத்தனை பேருக்குக் குத்தியிருக்கே?"

"தெரியல மாமா. எண்ணினதில்ல. ஆறு வருஷம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லார் வீட்டுலயும் யாராவது ஒருத்தர் துடைச்சிருப்பாங்களே."